துறுதுறுப்பான பிள்ளைக்கு எவ்வளவு சுதந்திரம்? பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை "பக்கத்து ஊருக்கு சைக்கிள்ல போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டால் நம் வீடுகளில் பெரும்பாலும் "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றுதான் பதில் வரும். சாயங்காலம் அதே பிள்ளையிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்து, "ஒரு எட்டு போய் பால் பாக்கெட் வாங்கிட்டு வா" என்று அனுப்புவதும் அதே வீடுதான். சைக்கிளுக்குத் தடை, ஸ்கூட்டருக்கு அனுமதி. நமக்கு வேலை ஆகிறது என்றால் ஆபத்து கண்ணில் படுவதில்லை. பெற்றோர் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான் என்பேன்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 16 வயதில்கூட 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டுமே லைசென்ஸ் கிடைக்கும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிறையாதவர் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டிக்கு உரியவருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தெருமுனைக் கடைக்கும் இதே சட்டம்தான்.

அடுத்தது, "நாலு பேரோடதானே போறான்" என்று நிம்மதியாக இருந்துவிடுவது. அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைப் பல வயதினருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் ஆபத்தான முடிவெடுப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அதனால் எங்கே போகிறான் என்பதோடு யாரோடு போகிறான், அங்கே என்ன செய்வார்கள் என்பதையும் கேட்க வேண்டும். தனியாகப் போனால் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிற பிள்ளை, கூட்டத்தில் "பயந்தாங்கொள்ளி" என்று ஒருவன் சொன்னால் பாலத்திலிருந்து குதித்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் நாம் செய்யும் தவறு வேறு மாதிரி. "ஆத்துப் பக்கம் போகாதே" என்று சொன்னதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். ஊரில் ஆறும் கிணறும் இருக்கும்வரை துறுதுறுப்பான பிள்ளை ஒருநாள் போகத்தான் செய்யும். தடை மட்டும் போட்டு வைத்திருந்தால் நீந்தத் தெரியாமல் போகும், வீட்டில் சொல்லாமலும் போகும். கிராமத்துக் கிணறுகளில் இடுப்பில் சுரைக்குடுக்கையையோ காலி கேனையோ கட்டி, பெரியவர் ஒருவர் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழக்குவது வழக்கம். அந்தக் கயிறு போல ஒரு பிடிமானத்தோடு கற்றுக்கொடுப்பதுதான் முறை. கிணறு இல்லாத ஊரில் நீச்சல் குளத்துக் கோடை வகுப்பில் சேருங்கள்.

நீச்சல் தெரிந்துவிட்டால் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. கிணற்றில் நீந்திப் பழகியவனுக்கு ஓடுகிற தண்ணீர் புதுசு. காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடப்பவன் அடுத்த எட்டில் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்தில் இருப்பான். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்குப் பிறகு, போன வாரம் பந்து விளையாடிய மணல்மேட்டில் தண்ணீர் ஓடும். எந்தத் துறையில் இறங்கலாம், எங்கே கூடாது என்பதை அப்பாவோ மாமாவோ கூடவே போய்க் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள். ஒருவன் மூழ்கினால் மற்றவன் குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து போன செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம்! கயிறு, வேட்டி, நீளமான கழி, மூடிய காலி கேன், எது கிடைக்கிறதோ அதை எறிய வேண்டும் அல்லது நீட்ட வேண்டும், கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும். மூழ்குகிறவன் பெரும்பாலும் சத்தம் போட மாட்டான். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த நொடி மூச்சு இழுக்கவே பற்றாது.

போனில் இருப்பிடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்பதும் ஏமாற்றம்தான். புள்ளி எங்கே நிற்கிறது என்று தெரியும், அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளை வைத்து ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி பிள்ளைகள் தாங்களாகவே சொன்னதால் தெரிந்தது என்று காட்டியது. அப்படியிருக்க, சைக்கிளை வளைத்துக்கொண்டு வந்து உண்மையைச் சொல்லும் பிள்ளையை அடித்தால் என்ன ஆகும்? அடுத்த முறை சைக்கிளை எங்கேயாவது சரிசெய்துவிட்டு, வாயே திறக்காமல் வரும். கோபம் வரத்தான் செய்யும். முதலில் அடிபட்டதா என்று பாருங்கள், சாப்பாடு போடுங்கள், அப்புறம் பேசுங்கள். தண்டனை வேண்டும் என்றால் ஒரு வாரம் சைக்கிள் இல்லை என்பதோடு நிறுத்துங்கள்.

பெண் பிள்ளைகளிடம் நடக்கும் தவறு எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. பதினோரு வயதில் தெருவெல்லாம் சைக்கிள் ஓட்டியவளை வயதுக்கு வந்ததும் வீட்டோடு நிறுத்துகிறோம். ஆனால் பதினெட்டு வயதில் வெளியூர் ஹாஸ்டலில் தனியாக விடுகிறோம். இடையில் பழகிக்கொள்ள அவளுக்கு ஒரு வாய்ப்பும் இல்லை. வெளியே ஆபத்து இருப்பது உண்மை. அதனால்தான் சின்னச் சின்னதாக முன்பே பழக்க வேண்டும்.

பாட்டி வீட்டுக்குத் தனியாக பஸ்ஸில் போக வேண்டும் என்கிறாளா? முதல் தடவை அதே பஸ்ஸில் பின் சீட்டில் உட்காருங்கள். டிக்கெட் எடுப்பது, இறங்கும் இடத்தைக் கண்டக்டரிடம் கேட்பது எல்லாம் அவளே செய்யட்டும், நீங்கள் வாய் திறக்காதீர்கள். அடுத்த தடவை ஏற்றிவிட்டு வந்துவிடலாம், பாட்டி இறங்கும் இடத்தில் நிற்கட்டும். ஸ்டாப்பைத் தவறவிட்டால், யாராவது பக்கத்தில் வந்து தொல்லை கொடுத்தால் என்ன செய்வாள் என்று முன்பே கேட்டு, அவள் வாயால் பதில் சொல்ல வையுங்கள். உங்கள் நம்பரும் குழந்தைகள் உதவி எண் 1098-உம் மனப்பாடமாக இருக்கட்டும். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் கடைக்காரரிடம் கேட்டாவது அழைக்கலாம்.