நீண்ட அறிவியல் சொல்லை வால் பக்கமிருந்து பிடியுங்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சியில் பிச்சாவரம் காட்டைப் பற்றிப் பேச மகளைத் தயார்செய்தேன். அங்கே வளரும் சுரபுன்னை மரத்தின் அறிவியல் பெயரை 'ரைஸோ-ஃபோரா' என்று நான்தான் பிரித்துக் கொடுத்தேன். வேரைத் தாங்குவது என்று பொருள். பொருள் சரி, ஒலி தவறு. 'ரைஸாஃபரா' என்று நடுவர் திருத்தியதும் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. அன்றிரவு மஞ்சக்குப்பம் வீட்டில் அகராதியோடு உட்கார்ந்து கண்டுபிடித்ததை எழுதுகிறேன்.

முதலில் பொருள் மூட்டுகளில் கோடு போடுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவத்தின் நீளப் பெயர்: ஓட்டோ (காது), ரைனோ (மூக்கு), லாரிங்கோ (குரல்வளை), லஜி (இயல்). பென்சிலும் தாளும் போதும். செல்பேசி முழுச்சொல்லையும் ஒரே மூச்சில் உதிர்த்துவிடும். அதைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் கேளுங்கள்.

அடுத்து அசை. செய்யுளை அலகிடும்போது இரண்டு குறில் சேர்ந்து நிரையசை ஆகும். இங்கே அப்படியில்லை, ஓர் உயிரொலிக்கு ஓர் அசை.

நான் இடறியது இதற்குப் பிறகுதான். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் சொல்கிறோம். ஆங்கில உச்சரிப்பில் ஓர் அசை ஓங்கி நிற்கும். அது பொருள் மூட்டைப் பார்ப்பதில்லை. பயோவும் லஜியும் சேர்ந்தால் பயோலஜி என்றா சொல்கிறோம்? பயாலஜி என்கிறோம். ஜியோ, ஜியாலஜி ஆனதும் இப்படித்தான். லஜியில் முடியும் சொல்லில் கடைசியிலிருந்து மூன்றாம் அசை ஓங்கும்: ப-யா-ல-ஜியில் 'யா'. ரை-ஸா-ஃப-ராவிலும் மூன்றாவதான 'ஸா'தான் ஓங்குகிறது. 'இக்' என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசை: நியூ-க்ளீ-யிக்கில் 'க்ளீ'.

ஓங்கும் அசை வால் பக்கமே இருப்பதால் அங்கிருந்தே சொல்லிப் பழகுங்கள்: லஜி, காலஜி, லாரிங்காலஜி, ரைனோலாரிங்காலஜி, ஓட்டோரைனோலாரிங்காலஜி. மகளுக்கு நாலாவது முறையிலேயே வந்துவிட்டது.

பின்சேர்க்கை: டெரோடாக்டில் என்ற, அழிந்துபோன பறக்கும் ஊர்வனவின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதலில் நிற்கும் 'பீ' எங்கே போயிற்று என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சிறகைக் குறிக்கும் அந்தக் கிரேக்க வேர் ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வந்தால் 'பீ' ஒலிக்காது. நடுவில் வந்தால் ஒலிக்கும். வண்ணத்துப்பூச்சிகளின் வரிசையான லெபிடாப்டெராவில் கேட்கலாம். ஹெலிகாப்டரிலும் அதே சிறகுதான்: பொருளுக்கு ஹெலிகோ-ப்டர் என்று கோடு போடுங்கள், வாயால் ஹெ-லி-காப்-டர் என்று சொல்லுங்கள்.