மனித முடி என்று விற்ற விக் செயற்கையாக இருந்தால் பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

டப்பாவைப் பிரித்த கையோடு அலசுவது, எண்ணெய் தடவுவது, முன்பக்க லேஸை (நெற்றியோரம் வரும் மெல்லிய வலையை) வெட்டுவது எதுவும் வேண்டாம். லேஸில் கத்தரி பட்டால் ‘பயன்படுத்திய பொருள்’ என்று கடைக்காரர் கையை விரித்துவிடுவார். டேக், பில், கூரியர் கவர் பத்திரமாக இருக்கட்டும்.

முதலில் சோதனை. உச்சி, பிடரி, காதோரம் மூன்றிலும் உள்பக்கத் தையலிலிருந்து இரண்டிரண்டு இழை எடுங்கள். கலந்து விற்பதும் உண்டு என்பதால் ஓரிடத்து இழை போதாது. எவர்சில்வர் தட்டின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். மனித முடி என்றால் மயிர் பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பல் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். தீ தானே அணைந்ததை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். தீத்தடுப்பு செயற்கை இழையும் அணையும். முழுவதையும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

‘ரெமி’ (மேற்புறச் செதில்கள் எல்லாம் ஒரே திசையில் இருக்கும் மனித முடி) என்று விற்றிருந்தால் கொளுத்துவது மட்டும் போதாது. ரெமி அல்லாததும் மனித முடியாகவே இருக்கலாம். இழையை நுனியிலிருந்து வேர்ப்பக்கம் உருவினால் லேசாகச் சொரசொரக்க வேண்டும். இரு திசையிலும் வழுக்கினால் செதில் நீக்கி சிலிகான் பூசியதா என்று சந்தேகப்படுங்கள்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். பில்லில் ‘லேடீஸ் விக் 1’ என்று மட்டும் இருந்தால், மனித முடி என்று அவர்கள் சொன்னதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. ஆகவே குறையைச் சொல்லும் முன்பே வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: ‘நான் வாங்கிய விக் 100 சதவீதம் மனித முடிதானே?’ ‘ஆமாம்’ என்ற பதில் உங்களுக்கு ஆதாரம். ஆன்லைன் விளம்பரப் பக்கத்தையும் முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போனதும் வரிகள் மாறிவிடலாம்.

பிறகு மின்னஞ்சலில் பணத்தைக் கேளுங்கள். போனில் பேசுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன், பின்னால் காட்ட எதுவும் இருக்காது. 2020 மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் உடனே டிஸ்ப்யூட் (அந்தக் கட்டணத்தை எதிர்த்துப் புகார்) போடுங்கள்.

மசியவில்லையா? 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை வழக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ஸ்கிரீன்ஷாட், வீடியோவோடு பாரதிய சாக்ஷ்ய சட்டம் (சாட்சியச் சட்டம்) 63(4)இன் சான்றிதழையும், அதாவது மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழையும் இணையுங்கள்; அது இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். தேவைப்பட்டால் ஆணையமே விக்கை ஆய்வகத்துக்கு அனுப்பும். மிச்சத்தைத் தொடாமல் வைக்கச் சொல்வது அதற்குத்தான்.

பின்சேர்க்கை: இன்ஸ்டாகிராமில் வாங்கியவர்களுக்குப் பெரிய சிக்கல், விற்றவரின் முகவரி தெரியாதது. பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் தேடுங்கள், பதிவான பெயரும் முகவரியும் வரும். எண் இல்லையென்றால் கூரியர் கவரில் உள்ள அனுப்புநர் முகவரியையும் யூபிஐ ரசீதில் உள்ள பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.