‘எனக்கு’ என்று தொடங்கினால் ‘கெட்’ வருமா?

‘கெட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியில் பக்கம் பக்கமாகப் பொருள் இருக்கும். அதையெல்லாம் மனப்பாடம் செய்ய உட்கார வேண்டாம். நாம் தினமும் பேசும் தமிழிலிருந்தே அதைப் பிடித்துவிடலாம்.

முதலில் ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதுங்கள்.

எனக்கு வேலை கிடைத்தது.
எனக்குக் காய்ச்சல் வந்தது.
எனக்குக் கோபம் வந்தது.
எனக்குப் புரிந்துவிட்டது.

தமிழில் வேலை கிடைக்கிறது, கோபம் வருகிறது. நாம் ‘எனக்கு’ என்று ஓரமாக நிற்கிறோம். ஆங்கிலம் ஆளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். அதனால் ‘எனக்கு’ என்பதை அடித்துவிட்டு ‘ஐ’ எழுதுங்கள். கிடைத்தது, வந்தது, புரிந்தது எல்லாவற்றுக்கும் ஒரே சொல், ‘காட்’. இது கெட்டின் இறந்தகாலம்.

ஐ காட் எ ஜாப்.
ஐ காட் எ ஃபீவர்.
ஐ காட் ஆங்ரி.
ஐ காட் இட்.

ஜாப், ஃபீவர் இரண்டும் பெயர்ச்சொற்கள், அதனால் முன்னால் ‘எ’ வந்திருக்கிறது. ஆங்ரி ஒருவர் இருக்கும் நிலையைச் சொல்வது, அதற்கு ‘எ’ கிடையாது.

அடுத்ததுதான் பலரும் தடுமாறும் இடம், நிதானமாகப் பாருங்கள். ‘எனக்கு’ வந்தாலே கெட் போட்டுவிட முடியாது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பது இப்போது இருக்கும் நிலை: ஐ ஆம் ஹங்ரி. ‘பதினோரு மணிக்கே பசி வந்துவிட்டது’ என்றால் இல்லாதது புதிதாக வந்திருக்கிறது: ஐ காட் ஹங்ரி. மாற்றம் நடந்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும் ஆகியவற்றில் மாற்றம் எதுவும் இல்லை. ஐ நோ, ஐ லைக், அவ்வளவுதான்.

ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கும் இதே சொல்தான்: ஐ காட் டு தி ஆபீஸ். ஆனால் ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் முன்னால் ‘டு’ வேண்டாம். ஐ காட் ஹோம் என்றாலே போதும்.

அப்புறம், அமெரிக்கர்கள் எழுதுவதில் ‘காட்டன்’ என்று பார்த்தால் குழம்பாதீர்கள். அது கெட், காட், காட்டன் என்ற வரிசையில் வரும் மூன்றாவது வடிவம். பிரிட்டனில் அதற்கும் ‘காட்’ என்றே எழுதுவார்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு. சலூனுக்குப் போய்வந்து ‘முடி வெட்டினேன்’ என்கிறோம். வெட்டியவர் வேறொருவர் என்று கேட்பவருக்குத் தெரியும். இதையே ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொன்னால், கண்ணாடி முன்னால் நின்று நீங்களே கத்தரி போட்டதாகப் பொருள்படும். பிறரைக் கொண்டு செய்துகொண்டதற்கு இப்படிச் சொல்ல வேண்டும்:

ஐ காட் மை ஹேர் கட்.
ஐ காட் மை பைக் சர்வீஸ்டு.
ஐ காட் எ பிளவுஸ் ஸ்டிச்டு.

வரிசையைக் கவனியுங்கள். காட், பிறகு பொருள், அதன் பிறகே வினையின் மூன்றாவது வடிவம். ‘ஐ காட் கட் மை ஹேர்’ என்று வாயில் வந்தால், அங்கேயே நிறுத்தி, மை ஹேரை முன்னால் தள்ளிவிட்டு மறுபடி சொல்லுங்கள்.