திருகோணமலைக் கரையோர வீடுகளில் சீல் பற்றரி

சோலாருக்குப் பூட்டும் சீல் பற்றரிக்கு (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய ஈய அமிலப் பற்றரி) முதல் எதிரி வெக்கை. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே வைக்கவே வேண்டாம். வெயில் படாத சுவரோரம், பலகைமேல், இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். பெட்டிக்குள் அடைக்காதீர்கள், சார்ஜ் மீறினால் வால்வு திறந்து ஐதரசன் வரும்.

நேர்முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். சார்ஜைக் கட்டுப்படுத்தும் கொன்ரோலருடன் முதலில் பற்றரியைப் பூட்டுங்கள், பிறகுதான் சோலார் தகடு. இரண்டு பற்றரிகளைச் சமாந்தரமாக (நேரோடு நேர், எதிரோடு எதிர்) பூட்டினால் நேர் வயரை ஒன்றிலிருந்தும் எதிர் வயரை மற்றதிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒன்றிலிருந்தே எடுத்தால் அதுதான் கூட உழைத்து முதலில் சாகும்.

பற்றரிகள் அதிகம் பழுதாவது கொன்ரோலர் செற்றிங்கால். தண்ணீர் ஊற்றும் பற்றரிக்கான நிலையில் விட்டால் வோல்ற் 15ஐயும் தொடலாம். உள்ளே ஈரம் வற்றிவிடும், திரும்ப ஊற்ற வழியே இல்லை. 12 வோல்ற் ஏஜிஎம்முக்கு (அமிலத்தைக் கண்ணாடிநார்ப் பாயில் ஊறவைத்த சீல் பற்றரி) 25 பாகையில் சார்ஜ் ஏறும்போது பொதுவாக 14.4 வோல்ற், நிரம்பிய பின் 13.6, 35 பாகையில் இரண்டையும் ஏறத்தாழ 0.2 குறையுங்கள். ஜெல்லுக்கு (அமிலம் களியாக இருக்கும் சீல் பற்றரி) இன்னும் குறைவு, அதனுடன் வரும் விபரத்தாளைப் பாருங்கள்.

மார்கழி மழையில் விடியற்காலை, லோட் எல்லாம் நிறுத்தி பற்றரியின் வோல்ற்றை அளந்து பாருங்கள். 12.2க்குக் கீழென்றால் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. அன்று பிரிட்ஜ் வேண்டாம். வெறுமையாகக் கிடந்தால் உள்தகடுகளில் சல்பேற் இறுகும்.

உப்புக்காற்றில் முனைகளில் பச்சை பூக்கும். மாதமொருமுறை கழற்றித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே மெல்லிசாக வஸ்லின் பூசுங்கள்.