கதார் பாதையின் மலைக்கோட்டைகள்: நடந்தும் மிதிவண்டியிலும் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் பிரான்சில், மத்தியதரைக் கடலுக்கும் பிரெனே மலைத்தொடருக்கும் இடையே, கோர்பியேர் என்னும் சுண்ணாம்புக்கல் குன்றுப் பகுதி விரிந்து கிடக்கிறது. கடலோர ஊரான போர்-லா-நூவெலில் தொடங்கி மேற்கே ஃபுவா நகரம் வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளும், கதாரிகள் என்ற இடைக்காலக் கிறித்தவப் பிரிவினரின் பெயரைத் தாங்கிய கதார் பாதை, வழியிலுள்ள குன்றுகளின் உச்சிகளில் சிதைந்து நிற்கும் அகிலார், கேரிபூஸ், பேர்பெர்த்யூஸ், புய்லோரான்ஸ், மான்செக்யூர் முதலிய கோட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கிறது. செங்குத்தான பாறையும் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே ஏறக்கூடிய குறுகிய வழியும் இருந்ததால்தான் இந்த இடங்களில் கோட்டை கட்டினார்கள். எதிரிப் படையைத் தடுத்த அவையே, நீரின்மையோடும் ஓயாத காற்றோடும் சேர்ந்து, இன்று வரும் பயணியையும் சோதிக்கின்றன. இங்கே நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

முதல் தவறு தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் கணக்கிடுவது. குகுன்யான் என்ற சிற்றூரிலிருந்து பார்த்தால் கேரிபூஸ் தலைக்கு மேலேயே இருப்பதுபோல் தோன்றும். கோட்டை 728 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஊரிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் செங்குத்தாக ஏறியாக வேண்டும். பேர்பெர்த்யூஸ் அதைவிட உயரமான பாறை முகட்டில், ஏறத்தாழ 800 மீட்டரில் நிற்கிறது. சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் அதே கணக்கில் ஒரே நாளில் இரண்டு கோட்டைகளைத் திட்டமிட்டால், இரண்டாவதை அடையும்போது களைப்பு மட்டுமே மிஞ்சியிருக்கும். வழி நடப்பதற்கு ஒதுக்கும் நேரத்தைப் போலவே கோட்டைக்குள் செலவிடுவதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பேர்பெர்த்யூஸ் நீண்ட முகட்டை முழுவதும் பிடித்திருக்கும் இரட்டைக் கோட்டை. கீழ்க்கோட்டையைப் பார்த்த பிறகு சான் ஜோர்டி எனப்படும் மேல்கோட்டைக்கு மறுபடியும் ஏற வேண்டும். நுழைவுச்சீட்டு விற்பதை மூடும் நேரத்திற்குச் சற்று முன்னதாகவே நிறுத்திவிடுவார்கள் என்பதையும், டிசம்பரில் மாலை 5 மணியைக் கடந்ததும் சூரியன் மறைந்துவிடும் என்பதையும் புறப்படும் முன்பே கணக்கில் கொள்ள வேண்டும்.

காற்றைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வெப்பமான மத்தியதரை நாட்டுக்குப் போகிறோம் என்று நினைப்பவர்கள் இதற்குத்தான் தயாராக வருவதில்லை. பிரெனே மலைகளுக்கும் மத்திய பிரான்சின் மேட்டுநிலத்திற்கும் இடையிலுள்ள இடைவெளியில் நெருக்கப்பட்டு, வடமேற்கிலிருந்து கடலை நோக்கிப் பாயும் காற்றுக்கு திராமோந்தான் என்று பெயர். வானம் ஒரு மேகம்கூட இல்லாமல் பளிச்சென்று இருக்கும் நாளிலேயே இது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடும் என்பதால், வெயிலைப் பார்த்து நல்ல நாள் என்று முடிவு செய்வது இங்கே பொருந்தாது. (பிரான்சில் மின்கட்டமைப்போடு இணைக்கப்பட்ட முதல் காற்றாலைகளுள் ஒன்று 1991-இல் போர்-லா-நூவெலில்தான் நிறுவப்பட்டது.) பேர்பெர்த்யூஸின் மேல்கோட்டைக்குப் போகும் புனித லூயி படிக்கட்டு, பாறையின் விளிம்பில் செதுக்கப்பட்ட சுமார் 60 படிகளைக் கொண்டது. நூற்றாண்டுகளாக மிதிபட்டு ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்து வழுவழுப்பாகிவிட்டது. ஒரு பக்கம் பிடிமானம் இருந்தாலும் மறுபக்கம் பள்ளத்தாக்குதான். பலமான காற்றிலும் இடிமின்னலிலும் இப்படிக்கட்டில் ஏறக் கூடாது. கோட்டையையே மூடிவிட்டால் அதைப் பயணத்தைக் கெடுக்கும் அதிகாரமாகக் கருதாமல், மாற்று நாள் ஒன்றைத் திட்டத்திலேயே வைத்திருப்பது நல்லது.

மிதிவண்டியில் செல்வோருக்குக் காற்று வேறு விதமாகத் தொல்லை தருகிறது. தெற்கே மோரி என்ற திராட்சைத் தோட்ட ஊரிலிருந்து கேரிபூஸின் அடிவாரக் கணவாய்க்கு ஏறும் சாலை வடக்கு நோக்கிச் செல்வதால், திராமோந்தான் வீசும் நாளில் ஏற்றமும் எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்கின்றன. பேட்டரி மிதிவண்டி வைத்திருப்பவர் தட்டையான சாலையில் கிடைத்த தூரத்தை இங்கும் எதிர்பார்த்தால் நடுவழியில் மின்கலம் தீர்ந்துவிடும். ஏறும்போது பின்தள்ளும் காற்றைவிட, இறங்கும்போது ஒரு வளைவைத் தாண்டியதும் பக்கவாட்டில் திடீரென மோதும் காற்று அதிக ஆபத்தானது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, கைப்பிடியின் கீழ்ப்பகுதியை இரு கைகளாலும் பற்றி இறங்க வேண்டும். கலாமுஸ் பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்து போட்ட சாலை ஒரு வண்டி செல்லும் அகலமே கொண்டது. கோடையில் கூட்டம் சேர்வதற்கு முன், அதிகாலையில் அதைக் கடந்துவிடுவதே நல்லது.

மிதிவண்டிப் பயணிகள் அடிக்கடி செய்யும் இன்னொரு தவறு, மிதிகட்டையில் பூட்டிக்கொள்ளும் அடிக்கட்டை கொண்ட காலணியோடு கோட்டைக்குள் நடப்பது. சுண்ணாம்புக்கல் காலடி பட்டுப் பட்டு மெருகேறினால் உலர்ந்த நாளிலும் வழுக்கும். சிறு தூறல் விழுந்தாலோ சொல்லவே வேண்டாம். பிடிப்புள்ள மெல்லிய காலணி ஒரு ஜோடியைப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியை நுழைவுச்சீட்டு அறைக்கு அருகே பூட்டிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். நடந்து வருபவர்களுக்கும் அரைக்கால் சட்டையைவிட முழுக்கால் சட்டையே ஏற்றது. பாதையின் இருபுறமும் முட்களோடு வளரும் குட்டை ஓக் புதர்கள் கெண்டைக்காலைக் கீறிவிடும்.

நீர் விஷயத்தில் கோர்பியேரிலேயே உள்ள தெர்ம் கோட்டையின் கதையே போதுமானது. 1210-இல் கதாரிகளை ஒடுக்க வந்த, சிமோன் தெ மோன்ஃபோர் தலைமையிலான சிலுவைப்போர்ப் படை அதை ஏறக்குறைய நான்கு மாதம் முற்றுகையிட்டது. கோட்டைக்குள் தண்ணீர் தீர்ந்துபோனது. பின்னர் மழை பெய்து தொட்டிகள் நிரம்பியபோது, கெட்டுப்போயிருந்த அந்த நீரைக் குடித்த வீரர்கள் வயிற்றுப்போக்கால் நொடிந்து, இரவில் கோட்டையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இக்கோட்டைகளில் இன்றும் காணப்படும் தொட்டிகள் மழைநீருக்காகக் கட்டப்பட்டவை. பாறைமுகட்டில் ஊற்று கிடையாது, கோடையில் ஓடைகளும் வறண்டுவிடும். ஆகவே ஊரை விட்டுக் கிளம்பும்போதே நீரை நிரப்பிக்கொள்ள வேண்டும். வெயில் நாளில் ஒருவருக்கு 2 லிட்டர் என்பது குறைந்த அளவு. சிற்றூர்களில் எல்லா நாளும் கடை திறந்திருக்கும் என்று நம்பி உணவில்லாமல் கிளம்புவதும் தவறு.

கோடையில் இதைவிடப் பெரிய ஆபத்து தீ. 2025 ஆகஸ்டில் கோர்பியேரில் பரவிய காட்டுத்தீ 16,000 ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பைச் சூழ்ந்தது; ஓர் உயிரும் பலியானது. உலர்ந்த ரோஸ்மேரி, ஜூனிபர், பைன் ஆகியவை நிறைந்த இந்நிலத்தில் காற்றும் சேர்ந்தால் தீ மனிதர் ஓடும் வேகத்தை எளிதில் மிஞ்சிவிடும். பிரெஞ்சுச் சட்டப்படி காட்டிலும் அதன் 200 மீட்டர் சுற்றளவிலும் பொதுமக்கள் தீ மூட்டக் கூடாது; சமையலுக்கான சிறு கேஸ் அடுப்புக்கும் இதில் விலக்கில்லை என்றே கொள்ள வேண்டும். தீ அபாயம் மிகுந்த நாட்களில் சில காட்டுப் பகுதிகளுக்குள் நுழையவே மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். அதன் வரைபடத்தை முந்தைய நாளே பார்க்காமல் கிளம்புவது தன்னை மட்டுமல்லாமல் தன்னைத் தேடி வரும் தீயணைப்பு வீரர்களையும் ஆபத்தில் தள்ளுவதாகும்.

இனி, உடலுக்கு ஆபத்து தராவிட்டாலும் பயணத்தின் பொருளையே குறைத்துவிடும் ஒரு தவறு. இவற்றைக் ‘கதார் கோட்டைகள்’ என்று விளம்பரப் பலகைகள் அழைப்பதால், கண்ணில் படும் ஒவ்வொரு கல்லும் கதாரிகள் வைத்தது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கதாரிகள் என்ற கிறித்தவப் பிரிவினர் மீது 1209-இல் சிலுவைப்போர் தொடங்கியது. 1244 மார்ச் 16 அன்று, சரணடைந்த மான்செக்யூரின் அடிவாரத்தில், தம் சமயத்தைக் கைவிட மறுத்த 200-க்கும் மேற்பட்டோர் உயிரோடு எரிக்கப்பட்டனர். கேரிபூஸ் 1255-இல் பிரெஞ்சு மன்னரின் கைக்குப் போனது. ஆனால் 1,207 மீட்டர் உயரத்தில் இன்று நிற்கும் மான்செக்யூர் மதில்கள் அந்த முற்றுகைக்குப் பிறகு எழுப்பப்பட்டவை. மற்ற கோட்டைகளிலும் நாம் காணும் மதில்களில் பெரும்பகுதி பிரெஞ்சு மன்னர்கள் கட்டியதே. 1258-இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியும், பிரெனேவுக்குத் தெற்கே ஆண்ட அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸும் செய்த கோர்பேய் ஒப்பந்தத்தால் கோர்பியேர் எல்லைப்பகுதியானது. அகிலார், தெர்ம், பேர்பெர்த்யூஸ், கேரிபூஸ், புய்லோரான்ஸ் ஆகிய ஐந்தும் அருகிலுள்ள கோட்டை நகரான கார்காசோனின் பெயரால் ‘கார்காசோனின் ஐந்து புதல்வர்கள்’ எனப்பட்ட எல்லைக் காவலாயின. 1659-இல் பிரெனே ஒப்பந்தம் எல்லையைத் தெற்கே தள்ளியபோது அவற்றின் முக்கியத்துவம் குறைந்து, காலப்போக்கில் கைவிடப்பட்டன.

இந்த இரண்டு அடுக்கு வரலாற்றையும் அறிந்து செல்பவருக்குக் கோட்டை வேறாகத் தெரியும். புய்லோரான்ஸின் வாயிலுக்கு முன் குறுக்குச் சுவர்கள் மாறி மாறி நிற்பதையும், ஏறி வருபவர் ஒவ்வொரு திருப்பத்திலும் மேலிருக்கும் வில்லாளிக்குத் தம் உடலைக் காட்ட நேர்வதையும் அவரால் கவனிக்க முடியும். கேரிபூஸின் கோபுரத்துக்குள் ஒற்றைத் தூண் கூரையின் வளைவுகள் அனைத்தையும் தாங்குவதைப் பார்த்துவிட்டு, மேல்தளத்தில் நின்று பேர்பெர்த்யூஸைத் தேடினால், ஒரு கோட்டை மற்றொன்றின் பார்வையில் இருக்குமாறு அமைந்திருப்பது விளங்கும். படம் எடுத்துக்கொண்டு பதினைந்து நிமிடத்தில் திரும்புபவர் இவற்றையெல்லாம் இழக்கிறார். இவ்வளவு ஏறி வந்தபின் அது வருந்தத்தக்க இழப்பு.

சுவர்மீது ஏறி நிற்பதும், உதிர்ந்த கல்லை நினைவுப்பொருளாக எடுத்துச் செல்வதும் அறவே கூடாதவை. ஒரு கல் நகர்ந்தால் அதன் மேலுள்ள சாந்து தளர்கிறது. அது கிடந்த இடம் ஆய்வாளருக்குச் சொல்லும் செய்தியும் அழிந்துபோகிறது. தொல்பொருள் தேட உலோகம் கண்டறியும் கருவியை அனுமதியின்றிப் பயன்படுத்துவது பிரான்சில் குற்றம். பாதையில் வெள்ளையும் அதன் கீழே சிவப்புமாக இரண்டு பட்டைகள் தெரிந்தால் வழி சரி. அவையே பெருக்கல் குறியாக வரையப்பட்டிருந்தால் அந்தத் திசையில் போகக் கூடாது. பள்ளத்தாக்குகளில் கைப்பேசி அலைவரிசை அறுந்துபோவதால் வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்திருக்க வேண்டும். தங்கும் விடுதியில் அன்றைய வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். விபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 112.