டிஸ்க் சுழலவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் லென்ஸைப் பாருங்கள்

டிவிடி பிளேயரில் டிஸ்க் சுழலவில்லை என்றால் கை உடனே மோட்டாரை நோக்கித்தான் போகும். நானும் அப்படிப் புது மோட்டார் வாங்கி மாட்டியவன்தான். பழுது அப்படியே இருந்தது; காரணம் லென்ஸில் படிந்த தூசு.

பெரும்பாலான பிளேயர்கள் டிஸ்க் உள்ளே வந்ததும் லேசரை எரியவிட்டு, லென்ஸை மேலும் கீழும் அசைத்து, ஒளி திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வரவில்லை என்றால் டிஸ்க்கே இல்லை என்று முடிவு கட்டிவிடும். மோட்டார் நன்றாக இருந்தாலும் சுழலாது.

முதல் படி: வேறு பிளேயரில் ஓடும் ஒரு சிடி, ஒரு டிவிடி இரண்டையும் போட்டுப் பாருங்கள். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒன்று ஓடி மற்றது ஓடாவிட்டால் மோட்டார்மேல் பழி இல்லை. ஓடாத டிஸ்க்குக்கு உரிய லேசர்தான் பெரும்பாலும் தளர்ந்திருக்கும்.

இரண்டாவது படி: டிஸ்க்கைத் துடைப்பது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால், அது பதிவின் தடத்தோடு சேர்ந்தே ஓடும். படிக்க முடியாத இடங்களைப் பிளேயர் தானே கணித்து நிரப்பும் பிழைதிருத்தத்தாலும் அதை எளிதில் ஈடுகட்ட முடியாது.

மூன்றாவது படிதான் முக்கியம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். பிறகு மூடியைக் கழற்றி, பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, லென்ஸைத் தொட்டும் தொடாமலும் துடையுங்கள். முடிபோன்ற கம்பிகளில் தொங்கும் பொருள் அது, அழுத்தினால் போச்சு. நகப்பூச்சு நீக்கி வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் லென்ஸ் மங்கிவிடும். மூடி திறந்த நிலையில் மின்சாரம் கொடுத்து லென்ஸுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். சிடி லேசர் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்றாலும் கண்ணைக் கெடுக்கும்.

மின் இணைப்பு இல்லாத நிலையிலேயே, டிஸ்க் அமரும் சுழல்மேடையை விரலால் தட்டுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். அச்சில் தலைமுடி சுற்றிக்கொண்டு நிற்பது எத்தனையோ முறை நான் கண்டது. டிஸ்க்கை மேலிருந்து பிடிக்கும் காந்தத் துண்டு இடம் மாறியிருந்தால் டிஸ்க் வழுக்கும், உரசும் சத்தம் கேட்கும். லென்ஸைச் சுமந்து உள்ளும் வெளியும் நகரும் வண்டி வெளிப்பக்கம் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவு உட்பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. வண்டி அங்கே வராவிட்டால் படிக்கவே தொடங்காது.

இதற்குப் பிறகும் அசையாவிட்டால்தான் மோட்டார். இரண்டு முனை மட்டும் உள்ள மோட்டார் என்றால் இணைப்பைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். தானாகக் கிளம்பாமல், விரலால் தள்ளினால் மட்டும் ஓடினால் உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழைய சுழல்மேடையைப் பிடுங்கும் முன் அது அச்சில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த உயரம் தவறினால் புது மோட்டார் சுற்றும், லென்ஸ் குவியாது.