லண்டன் குளிருக்கு மூன்று மாத விடுப்பு: ஸ்பெயினின் தெற்குக் கரையில் குளிர்காலம் கழிப்பது எப்படி

டிசம்பர் கடைசியில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதே நாளில் ஸ்பெயினின் தெற்குக் கரையில் ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் வலியோடு வீட்டுக்குள்ளேயே இருந்த எங்களை அந்த வெளிச்சம்தான் அங்கே கூட்டிப்போனது. நானும் மனைவியும் மூன்று குளிர்காலம் அல்முன்யேகாரில் இருந்துவிட்டு வந்தோம். அது மாலகாவுக்குக் கிழக்கே உள்ள ஒரு கடலோர ஊர். முதல் தடவை போகிறவர்களுக்காக, நாங்கள் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: முதலில் நாள் கணக்கு, அப்புறம் டிக்கெட்

பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளில், இருக்கலாம். போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஜனவரி 3 போய் மார்ச் 28 திரும்பினால் சாதாரண ஆண்டில் 85 நாள். சரி, ஐந்து நாள் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அக்டோபர் 20 முதல் 25 வரை பாரிஸில் சொந்தக்காரர் கலியாணத்துக்குப் போயிருந்தால் அந்த ஆறு நாளும் சேர்ந்து 91 ஆகிவிடும். நம்மவர்கள் தவறுகிற இடம் இதுதான். பாரிஸ், சூரிச், டோர்ட்முண்ட் என்று போய்வந்த எல்லா நாளையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்து, போக்குவரவைக் கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும்.

கடவுச்சீட்டு போகிற நாளில் பத்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. திரும்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். நெதர்லாந்து, பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டு இருந்தால் இந்த 90 நாள் கணக்கு உங்களுக்கு இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் லண்டனில் வதிவிட உரிமை இருந்தாலும் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும்.

படி 2: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

அல்முன்யேகாருக்குப் பின்னால் மலைகள் நின்று வடக்குக் குளிரைத் தடுக்கின்றன. அதனால்தான் அங்கே மாம்பழமும் அவகாடோவும் விளைகின்றன. நம் சீதாப்பழத்தின் உறவான சிரிமோயாவும் குளிர்காலம் முழுக்கச் சந்தையில் கிடைக்கும். தோலைப் பிரித்து வாயில் வைத்தபோது மனைவிக்கு ஊர் வளவு ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

பகலில் 16, 17 பாகை இருக்கும். இரவில் பத்துக்குக் கீழே போகும். நடக்க அருமை, குளிக்கக் கடல் குளிர். ஊரில் ஏற்ற இறக்கம் அதிகம், ரயிலும் கிடையாது, பஸ்தான். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் டோரெமோலினோஸ், ஃபுவெங்கிரோலா பக்கம் பாருங்கள். மாலகா விமான நிலையத்திலிருந்தே அங்கே ரயில் போகிறது.

படி 3: வெயில் விழுகிற வீட்டை எடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். அந்தக் கரையில் பல வீடுகள் கோடை வெக்கைக்காகக் கட்டியவை. தரை ஓடு, மெல்லிய சுவர், மத்திய ஹீட்டிங் கிடையாது. முதல் வருடம் கடல் தெரிகிறது என்று வடக்கும் கிழக்கும் பார்த்த வீட்டை எடுத்தோம். வெளியே பெஞ்சில் மேல்சட்டை இல்லாமல் இருந்துவிட்டு, உள்ளே வந்து கோட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

தெற்குப் பார்த்த வீடுதான் வேண்டும். டிசம்பரில் உச்சிச் சூரியன் அங்கே 30 பாகை உயரத்தில்தான் நிற்கும்; சரிந்த வெயில் தெற்கு ஜன்னல் வழியாக அறையின் கடைசி வரை வரும். வீட்டுக்காரரிடம் பகல் ஒரு மணிக்கு எடுத்த கூடத்தின் படம் கேளுங்கள். தரையில் வெயில் விழுந்திருந்தால் மேலே பேசுங்கள். முன்னால் உயரமான கட்டடம் இருக்கிறதா, ஏசி சூடான காற்றும் தருமா, மின்கட்டணம் வாடகைக்குள் அடங்குமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். குளிர்கால வாடகை கோடையை விட நன்றாகக் குறையும். ஆனால் மின்கட்டணம் தனி என்றால் அந்த இலாபம் கரைந்துவிடும்.

சில வீடுகளில் ஆரஞ்சு நிறக் காஸ் சிலிண்டர் ஹீட்டர் இருக்கும். அதை மூடிய அறையில் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும். அங்குள்ளவர்களின் பழைய வழி எனக்குப் பிடித்திருக்கிறது: வட்ட மேசைக்கு அடியில் சின்ன மின் ஹீட்டர், மேலே தரை வரை தொங்கும் கனத்த துணி. துணிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் முழங்கால் வலி அடங்கும். மேசா கமிய்யா என்பார்கள்.

படி 4: காப்புறுதியும் மருந்தும்

ஜிஎச்ஐசி (GHIC) என்பது வெளிநாட்டுச் சிகிச்சைக்காகப் பிரிட்டன் தரும் சுகாதார அட்டை, இலவசம். அரசு மருத்துவமனையில் அவசியமான சிகிச்சைக்கு உதவும். நோயாளியை லண்டனுக்குக் கொண்டுவரும் செலவை அது தராது. வருடாந்தப் பயணக் காப்புறுதி பலவற்றில் ஒரு பயணத்துக்கு 31 நாள்தான் எல்லை, ஆகவே நீண்ட தங்கலுக்கான காப்புறுதி வேண்டும். பிரஷர், சர்க்கரை உட்பட எல்லா நோயையும் சொல்லி எடுங்கள். மருந்துக்காகக் குடும்ப வைத்தியரிடம் ஒரு மாதம் முன்பே பேசுங்கள். அங்கே அவசரத்துக்கு 112.

படி 5: லண்டன் வீடு

ஆள் இல்லாத வீட்டுக்குப் பல காப்புறுதிகள் 30 அல்லது 60 நாள்தான் பொறுப்பேற்கும். கேட்டு நீட்டிக்கொள்ளுங்கள். ஹீட்டிங்கை 12 பாகையில் விடுங்கள், குழாய் உறையாது. சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள்.

படி 6: முதல் வாரம்

கறித்தூள் கொண்டுபோகலாம், இறைச்சியும் பால் பொருட்களும் பிரிட்டனிலிருந்து கொண்டுபோகத் தடை. சந்தையில் நெத்திலி கிடைக்கும், காலையிலேயே போங்கள். சின்னக் கடைகள் இரண்டு மணிக்குப் பூட்டினால் ஐந்துக்குத்தான் திறக்கும்.

ஜனவரி 3 போய் இறங்குகிறீர்கள் என்றால் 5ஆம் தேதி காலையிலேயே இரண்டு நாளுக்கான சாமான் வாங்கி வைத்துவிடுங்கள். 6ஆம் தேதி, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பண்டிகை, கடைகள் பூட்டு. 5ஆம் தேதி மாலை தெருவுக்கு வாருங்கள். ஊர்வலத்தில் ராஜாக்கள் மிட்டாய் வீசுவார்கள்; கையில் ஒரு பை வைத்திருங்கள்.